சனிக்கிழமை லோரிக்கு எங்கள் வரிசை தயாரான கதை

கோலாலம்பூரில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது விருப்பம் அல்ல, சட்டம். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. அதன் கீழ் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமானது. 2016 ஜூன் 1 முதல் தரைவீடுகளுக்கு அபராதமும் வந்தது: முதல் தடவை 50 வெள்ளி (ரிங்கிட்), அடுத்து 100, மூன்றாவது தடவை 500, அதற்கும் மேல் போனால் நீதிமன்றம், 1,000 வெள்ளி வரை. இவ்வளவும் தெரிந்தவர்கள் நிறைய பேர். ஆனால் எந்தப் பையை எந்த நாளில் எங்கே வைப்பது என்று கேட்டால் தெரு முழுக்க ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். செந்தூல் அடுக்குமாடியிலிருந்து செகாம்புட்டில் ஒரு வரிசை வீட்டுக்கு மாறிய பிறகு இதை ஒழுங்காகச் செய்ய என்னவெல்லாம் வேண்டியிருந்தது என்று எழுதுகிறேன். புதிதாகத் தரைவீட்டுக்கு வருகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். இதை ‘இரண்டு கூட்டல் ஒன்று’ என்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் சமையலறைக் குப்பையும் மற்றக் கழிவும். ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்கள், தோட்டக் குப்பை, உடைந்த நாற்காலி, மெத்தை மாதிரியான பெரிய சாமான்கள். வாசலில் நிற்கும் பச்சை நிற 120 லிட்டர் சக்கரத் தொட்டி அந்த இரண்டு நாளுக்கு மட்டும்தான். மறுசுழற்சிப் பொருளைத் தொட்டிக்குள் போடக்கூடாது, தனிப் பையில் கட்டித் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மொத்த விஷயத்திலும் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பகுதிக்கு மறுசுழற்சி நாள் எது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலையாகப் போய்விட்டது. ஒரு வீட்டில் புதன் என்றார்கள், இன்னொரு வீட்டில் அப்படி ஒரு நாளே இல்லை என்றார்கள். கடைசியில் லோரியின் பின்னால் நின்று வேலை செய்த தம்பியிடமே கேட்டேன். அவர் சற்றும் யோசிக்காமல் சொன்னார்: சனிக்கிழமை, காலையில். அட்டவணை கையில் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, உங்கள் தெருவில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெருநாள் விடுமுறை வந்தால் நாள் மாறுமா என்பதுகூட அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

அப்புறம் சமையலறை. குப்பை பிரிவது வாசலில் அல்ல, பாத்திரம் கழுவும் இடத்தில். மூன்று வகையாகப் பிரிக்கச் சொல்கிறார்கள்: காகிதம் நீலப் பையில், பிளாஸ்டிக் வெள்ளைப் பையில், டின், கண்ணாடி, துணி, ரப்பர், பழைய மின்சாதனம் எல்லாம் பச்சைப் பையில். எங்கள் வரிசையில் யாரும் நிறம் பார்த்துப் பை வாங்கவில்லை. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பையாக எடுத்து மூன்றாகக் கட்டி வைத்தோம், லோரிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

கழுவுவதுதான் பெரும்பாலோருக்குச் சலிப்பு. சாடின் டின், பால் டின், தேங்காய்ப்பால் பாக்கெட், சில்லி சாஸ் போத்தல் எதுவானாலும் ஒரு தடவை அலசிக் கவிழ்த்துவிட வேண்டும். பளபளவென்று தேய்க்கத் தேவையில்லை. அலசாமல் வைத்தால் ஓரிரு நாளில் எறும்பு, அதற்கடுத்து கரப்பான், சனிக்கிழமைக்குள் வீடே நாறிவிடும். அதைவிட மோசம், ஒரு டின்னிலிருந்து வழியும் எண்ணெய் அதே பையில் இருக்கும் மற்றப் பொருள்களையும் கெடுத்துவிடும். நான் பாத்திரம் கழுவி முடித்த கடைசித் தண்ணீரிலேயே இவற்றை அலசிவிடுவேன். தனியாகத் தண்ணீர் செலவில்லை.

காகிதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. நாசி லெமாக் மடித்துத் தரும் பழுப்புத் தாள் பார்க்கக் காகிதம்தான், ஆனால் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு, அதன்மேல் சம்பல் எண்ணெய். அது சாதாரணக் குப்பைக்குத்தான் போக வேண்டும். மாமாக் கடையில் தாப்பாவ், அதாவது பொட்டலமாக, வாங்கும் குழம்புப் பை, டிஷ்யூ, பெம்பர்ஸ், எண்ணெய் ஊறிய பீட்சா அட்டை எல்லாமே அப்படித்தான். எந்தப் பை என்று சந்தேகம் வந்தால் பச்சைத் தொட்டியில் போடுவது நல்லது. ஒரு அழுக்குப் பொருளால் ஒரு பை காகிதம் வீணாவதைவிட அது மேல்.

இத்தனையும் எங்கள் வீட்டில் சுலபமாகவே பழக்கமாகிவிட்டது. என் மாமியார்தான் முதலில் பழகிக்கொண்டார். எஸ்டேட்டில் வளர்ந்தவர், எதையும் வீசாமல் எடுத்து வைக்கிற கை. வரிசையில் மற்றவர்களைச் சேர்ப்பதுதான் கடினமாக இருந்தது. மூலை வீட்டு அண்ணன் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “எல்லாம் ஒரே லோரியிலதான் போவுது தங்கச்சி, எதுக்கு மெனக்கெடுறீங்க?”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஒரு சனிக்கிழமை நானே பார்த்தேன். மறுசுழற்சிக்கென்று வைத்த பைகளையும் சாதாரணக் குப்பையையும் ஒரே அழுத்து லோரியில் ஏற்றினார்கள். ஒரு வாரம் முழுக்க அலசி, உலர்த்தி, கட்டி வைத்ததெல்லாம் சோற்றுக் குப்பையோடு நசுங்கிப் போவதைப் பார்க்க வயிறு எரிந்தது. குப்பை அள்ளக் குத்தகை எடுத்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு அழைத்தேன். புகார் எண் கொடுத்தார்கள், விளக்கம் கொடுக்கவில்லை. விளக்கம் கிடைத்தது லோரித் தம்பியிடம்தான். பாதி வீடுகளில் மறுசுழற்சிப் பொருளைக் கறுப்புப் பையில் முடிச்சுப் போட்டு, தொட்டிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். முடிச்சை அவிழ்த்துப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை. கறுப்புப் பை என்றால் குப்பை என்றுதான் கணக்கு. கறுப்பும் வெள்ளையும் கலந்து கிடந்தால் முழுவதையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள்.

இந்த விளக்கத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. நிறுவனம் தனி லோரி அனுப்ப வேண்டிய நாளில் தனி லோரி அனுப்ப வேண்டும், அது அவர்கள் கடமை. ஆனால் எங்கள் பக்கம் திருத்த முடிந்ததைத் திருத்தினோம். வரிசையின் வாட்சப் குழுவில் ஒரே ஒரு செய்தி போட்டேன்: சனிக்கிழமை கறுப்புப் பை வேண்டாம், தொட்டிக்கு வெளியே வையுங்கள், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியட்டும். மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று, சீனத்தில் எதிர்வீட்டு ஆண்டி எழுதித் தந்தது ஒன்று. சட்டம், அபராதம் எதையும் அதில் எழுதவில்லை. பயமுறுத்தினால் ஒரு வாரம் செய்வார்கள், மறு வாரம் விட்டுவிடுவார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு வரிசை முழுக்கத் தெளிவான பைகளாக நின்றன, தனி லோரியும் ஒழுங்காக வரத் தொடங்கியது. அண்ணன் இப்போது தன் பேப்பர் கட்டைச் சணலால் கட்டி வைக்கிறார். தமிழ்ப் பத்திரிகைகளை அவ்வளவு நேர்த்தியாக அடுக்கிக் கட்ட அவரால்தான் முடியும்.

பேப்பர் என்றதும் ‘சூராட் காபார் லாமா’ லோரி நினைவுக்கு வரும். ஒலிபெருக்கியில் பழைய பேப்பர் வாங்க வருகிறோம் என்று அறிவித்துக்கொண்டே தாமான் (குடியிருப்பு) முழுக்கச் சுற்றும். அந்த லோரிக்காரரிடம் விற்றால் சில காசு கிடைக்கும். பக்கத்து வீட்டு மக்சிக் மைலோ டின்னையும் அலுமினிய டின்னையும் சேர்த்து வைத்து அவரிடம்தான் கொடுக்கிறார். எதிர்வீட்டு ஆண்டி எல்லாவற்றையும் சூ சி என்ற பௌத்தத் தொண்டு நிறுவனத்தின் மறுசுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோகிறார், அங்கே தொண்டர்கள் பிரித்து விற்று அந்தப் பணத்தை அறப்பணிக்குச் செலவிடுகிறார்கள். இவர்களையும் சனிக்கிழமை லோரிக்கு இழுக்க வேண்டுமா என்று குழுவில் ஒரு பேச்சு வந்தது. தேவையில்லை என்றேன். குப்பைமேட்டுக்குப் போகாமல் இருந்தால் போதும், யார் கையில் போகிறது என்பது அவரவர் விருப்பம்.

மழையையும் சொல்லியாக வேண்டும். கோலாலம்பூரில் மதியத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கொட்டும். வெள்ளி இரவே அட்டைகளை வெளியே வைத்தால் காலையில் கூழாகிவிடும். அதனால் எங்கள் வரிசையில் காலையில்தான் வெளியே வைக்கிறோம். டின், போத்தல் எதுவும் வாய் திறந்து மேல்நோக்கி நிற்கக்கூடாது, ஒரு மூடி அளவு தண்ணீர் தேங்கினாலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். பச்சைத் தொட்டியின் மூடியும் சரியாக மூட வேண்டும். எங்கள் தெருவில் டெங்கி கண்டு மருத்துவமனையில் படுத்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் இதை யாரும் அலட்சியமாக எடுப்பதில்லை.

மிச்சம் இருப்பது சோற்றுக் குப்பை. 2012இல் வீட்டுக் கழிவுகளைப் பற்றி எடுத்த தேசிய ஆய்வில் ஏறக்குறைய 45 விழுக்காடு உணவுக் கழிவு, சுமார் 12 விழுக்காடு பெம்பர்ஸ் என்று தெரிந்தது. அதாவது காகிதம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எவ்வளவு ஒழுங்காகப் பிரித்தாலும் தொட்டியில் பாதி பாரம் சாப்பாடுதான். இந்தப் பாரம் ஜிஞ்சாங் பக்கத்திலுள்ள தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்துக்குப் போய், அங்கே அழுத்தப்பட்டு, உலு சிலாங்கூரில் புக்கிட் தாகார் குப்பை நிலத்துக்குப் பெரிய லோரிகளில் போகிறது. நம் சமையலறையில் மிஞ்சிய தேங்காய்ச் சக்கையும் காய்கறித் தோலும் டீசல் எரித்துக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்குப் பயணம் போகின்றன. இதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது.

எங்கள் வீட்டில் இரண்டு பழைய பெயிண்ட் வாளிகளின் அடியில் துளையிட்டு வைத்திருக்கிறோம். காய்கறித் தோல், தேயிலை, முட்டை ஓடு, தேங்காய்ச் சக்கை ஒரு அடுக்கு. காய்ந்த இலை ஒரு அடுக்கு. மீன் முள்ளும் கறியும் போடுவதில்லை, எலி வரும். ஈரம் அதிகமானால் கூடுதலாக இலை போட்டால் நாற்றம் நின்றுவிடும். ஒரு வாளி நிறைந்ததும் மூடி வைத்து மற்றதைத் தொடங்குவோம். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பு மண்ணாகிவிடும், வாசலில் கறிவேப்பிலையும் வெண்டையும் அதில்தான் வளர்கின்றன. இதைச் சட்டம் கேட்கவில்லை. ஆனால் இதைத் தொடங்கிய பிறகு எங்கள் பச்சைத் தொட்டி பாதிகூட நிறைவதில்லை.

தீபாவளி சமயம் தனிக் கதை. முறுக்கு சுட்ட எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆறவைத்துப் போத்தலில் ஊற்றி வைத்தால் காசு கொடுத்தே வாங்கிக்கொள்ளும் சேகரிப்பு இடங்கள் நகரில் இருக்கின்றன. பலகாரப் பெட்டிகளை மடித்துத் தட்டையாக்கிக் கட்டுங்கள். வெள்ளையடிக்கும்போது வெளியே தள்ளும் பழைய சோபா, மெத்தைகளை மறுசுழற்சி நாளில்தான் வைக்க வேண்டும், முந்தைய நாள்களில் வைத்தால் தெருவே அடைந்துவிடும்.

சிலாங்கூரில் பத்துமலைப் பக்கம் இருக்கும் என் நாத்தனார் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தன் தெருவிலும் கேட்கத் தொடங்கினார். அங்கே ஏற்பாடு வேறு. கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில்தான் இந்தச் சட்டம் நடப்பில் உள்ளது. சிலாங்கூர், பினாங்கு போன்ற மாநிலங்களில் அவரவர் ஊராட்சி மன்றங்கள் தங்கள் வழியில் செய்கின்றன. ஆகையால் நான் எழுதிய நாள், பை விவரங்களை அங்கே அப்படியே பின்பற்ற வேண்டாம், உங்கள் மன்றத்திடம் கேளுங்கள்.

செந்தூலில் என் அம்மா இன்னும் அந்த அடுக்குமாடியில்தான் இருக்கிறார். அங்கே எல்லாமே ஒரு பொதுக் குப்பை அறைக்குப் போகிறது, பிரித்து வைத்தாலும் வைக்கத் தனி இடமில்லை. நிர்வாகக் குழுவிடம் காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக்கும் டின்னுக்கும் ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று என்று தனித் தொட்டிகள் கேட்டு அம்மாவும் அதே மாடியில் இருப்பவர்களும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் போகிறேன்.