ஷாங்க்ஸின் 528-ஆம் இலக்கம்

வட்டம் எதையும் வரையாமல் பை (π) என்ற எண்ணின், அதாவது வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணின், இலக்கங்களைக் கையால் கணக்கிட்டுப் பார்க்கும் ஆசையில், சென்ற ஞாயிற்றுக்கிழமை தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஜான் மேச்சின் 1706-இல் கண்ட சூத்திரப்படி, 1/5-இலிருந்து 1/375-ஐக் கழித்து, 1/15625-ஐக் கூட்டி, 1/546875-ஐக் கழித்து, வந்ததை 16-ஆல் பெருக்கி, அதிலிருந்து 4/239-ஐக் கழித்தால் 3.14159 வந்துவிடுகிறது. ஐந்தே பின்னங்கள்! கேரளத்து மாதவரின் பெயரால் வழங்கும் 1 − 1/3 + 1/5 என்று நீளும் தொடரை நான்கால் பெருக்கி இதே துல்லியத்தைப் பெற, இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்புகளைக் கூட்ட வேண்டும். ஆனாலும் அழகில் மாதவரின் தொடரே மேல் என்பது என் கட்சி.

மேச்சினின் வழியிலேயே, இங்கிலாந்தில் பள்ளி நடத்திவந்த வில்லியம் ஷாங்க்ஸ், பல ஆண்டுகள் கையால் கணக்கிட்டு 1873-இல் 707 தசம இலக்கங்களை வெளியிட்டார். அவற்றில் 528-ஆம் இலக்கம் முதல் எல்லாம் பிழை. ஒவ்வொரு உறுப்பும் முந்தைய வகுத்தலின் மீது ஏறி நிற்பதால், ஓரிடத்தில் சறுக்கினால் அதற்குப் பின்னுள்ளவை அனைத்தும் சரிந்துவிடும். 1940-களில் ஃபெர்குசன் வேறொரு சூத்திரத்தால் சரிபார்த்தபோதுதான் இது வெளிப்பட்டது. அதற்குள், பாரிஸின் அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில், வட்ட அறையின் சுவரைச் சுற்றி ஷாங்க்ஸின் இலக்கங்களைப் பதித்திருந்தார்கள். 1949-இல் அவற்றைத் திருத்தினார்கள்.