விலாங்கு: நாலு இரவு, இரண்டு சட்டி

கார்த்திகை மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்து வழுக்கையாறு கோடையில் காய்ந்த வாய்க்காலாகக் கிடக்கும், மாரியில்தான் அது ஆறு. சண்டிலிப்பாய்ப் பக்கம் ஒரு மதகடியில், கற்கட்டு இடிந்து பொந்து விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். கைத்தூண்டில், மொத்தத் தங்கூசி (தடித்த நைலோன் நூல்), மண்புழு. விலாங்கு இருட்டின பிறகுதான் மோப்பம் பிடித்துக்கொண்டு வெளியே வரும் என்பதால் ஏழு மணிக்கு மேல்தான் போனேன்.

முதல் இரவு இரண்டு தடவை பிடித்தது, இரண்டும் போய்விட்டன. அது படக்கென்று இழுக்காது. புழுவை மெல்ல வாங்கும், நூல் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரமாகும். நன்றாக விழுங்கட்டும் என்று நூலைத் தளர்த்தினேன், அதற்குள் பொந்துக்குள் போய்விட்டது. அப்புறம் நூல் அறுந்ததுதான் மிச்சம். மாமா கேட்டுவிட்டுச் சொன்னார்: "நூலைத் தளர விடாதை தம்பி. தலை வெளியில நிக்கேக்கையே இழுத்துக் கரையில போடு. வால் கல்லைச் சுத்திச்சுதெண்டால் உன்னால ஏலாது."

அடுத்த நாள் பொறி ஒன்று செய்தேன். நாலு அங்குல எஸ்லோன் (பிவிசி) குழாய், மூன்றடி நீளம். ஒரு வாயில் கம்பிவலை. மற்ற வாயில், பெரிய சோடாப் போத்தலின் மேல்பாதியை வெட்டித் தலைகீழாகச் செருகி, கழுத்தை இரண்டு அங்குலத்துக்கு அகலமாக்கினேன். மணம் வெளியே போகக் குழாயில் துளைகள். உள்ளே கோழிக்குடல். விடியப் பார்த்தால் குடல் இல்லை, விலாங்கும் இல்லை, போத்தல் விளிம்பில் வழுவழுவென்று சளி மட்டும். விலாங்கு பின்பக்கமாகவும் நீந்தும். வாலால் தடவி வழியைக் கண்டுபிடித்து அப்படியே பின்னுக்கு வந்திருக்கிறது.

பழைய கால்மேசு (காலுறை) ஒன்றின் விரல் பக்கத்தை வெட்டி, போத்தல் வாயில் உள்பக்கமாகத் தொங்கும்படி கட்டினேன். தலையால் தள்ளி உள்ளே வரலாம், வந்த பிறகு துணி மடிந்து வாயை மூடிவிடும். மூன்றாம் இரவு ஒன்று மாட்டியது, இரண்டடிக்குக் கொஞ்சம் கூட. நாலாம் இரவு இன்னொன்று.

அம்மம்மா வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னடா, பாம்பைக் கொண்டு வந்து நிக்கிறாய்" என்றார். செவுளுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் செட்டையைத் தூக்கிக் காட்டினேன். விரல்நுனி அளவு, விசிறி மாதிரி. பாம்புக்கு அது இல்லை. முதுகில் தொடங்கி, வாலைச் சுற்றி, வயிறு வரை ஓடும் ஒரே செட்டையையும் காட்டினேன். சரி என்றார், ஆனால் குசினிக்குள் விடவில்லை. கிணற்றடியில்தான் வெட்டினேன்.

உயிரோடு சாம்பலில் போட்டுப் புரட்டுவது எனக்கு மனமில்லை. ஒரு மணித்தியாலம் ஐஸுக்குள் வைத்து, அசைவு நின்ற பிறகு தலைக்குப் பின்னால் ஒரே வெட்டு. வேகாத பச்சை இரத்தம் கண்ணில் படக்கூடாது, அதில் நஞ்சு இருக்கிறது. நன்றாக வெந்தால் அது போய்விடும்.

இனி, சளி. முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. முதலாவதுக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். சளி வெந்து கழன்றது, கூடவே தோலும் கிழிந்தது. இரண்டாவதுக்குக் கொதித்த தண்ணீரை இறக்கிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு ஊற்றினேன். சளி முட்டை வெள்ளைக்கரு போல வெளுத்துத் திரண்டது. கத்தி முதுகால் தலையிலிருந்து வாலுக்கு வழித்தேன். பிறகு விறகுச் சாம்பலும் உப்பும் போட்டு உரப்பைத் துண்டால் தேய்த்தேன். மூன்று தண்ணீர் மாற்றிய பின், தோலில் விரல் வைத்தால் வழுக்காமல் நின்றது. அந்தப் பதம் வந்தால்தான் சேற்று வாடை போகும்.

முதல் சட்டி சரிவரவில்லை. வழக்கமான மீன்குழம்பு மாதிரி தாளித்து, தேங்காய் முதற்பாலும் விட்டேன். விலாங்குக்கே கொழுப்பு அதிகம். எண்ணெய் மேலே மிதந்தது, இரண்டு துண்டுக்கு மேல் தின்ன முடியவில்லை. இரண்டாம் சட்டிக்கு எண்ணெயே விடவில்லை. இரண்டு விரல் மொத்தத் துண்டுகளை வெறும் மண்சட்டியில் தோல் கீழே இருக்கும்படி அடுக்கி, சிறு நெருப்பில் வைத்தேன். அதன் கொழுப்பே உருகி வந்தது. துண்டுகளை எடுத்துவிட்டு அந்தக் கொழுப்பிலேயே வெந்தயம், சின்ன வெங்காயம், நிறைய உள்ளி, கறிவேப்பிலை. யாழ்ப்பாணத்துக் கறித்தூளும், கெட்டியாகக் கரைத்த பழப்புளியும், இரண்டாம் பால் ஒரு கிண்ணமும் விட்டுக் கொதித்த பிறகு துண்டுகளைப் போட்டு அரை மணித்தியாலம். தோல் பசையாக, இறைச்சி முள்ளிலிருந்து தானாகக் கழன்றது. குரக்கன் பிட்டோடு சாப்பிட்டோம். அம்மம்மா வால்துண்டு கேட்டு வாங்கினார்.

இந்த மாரிக்கு இரண்டு போதும் என்று நிறுத்திவிட்டேன். இவை ஆற்றில் முட்டை இடுவதில்லை. கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக ஆற்றுக்குள் ஏறி, வருடக்கணக்காக வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போய் ஒரே ஒரு தடவை முட்டையிட்டுச் சாகும். நான் பிடித்த ஒவ்வொன்றும் அராலி வழியாகக் கடலேரிக்கு இறங்க வேண்டியது. குழாயைக் கழுவிக் கிணற்றடியில் சாய்த்து வைத்திருக்கிறேன். வரும் மாரியில் ஒன்றைத் தேங்காய்ப் பொச்சுப் புகையில் வாட்டிப் பார்க்க வேண்டும்.