21 நாளுக்குள் பிடிக்க வேண்டிய சிறுநீர்

சி.எம்.வி. எனப்படும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்று கருவிலேயே வந்ததா என்று சொல்ல, பிறந்த 21 நாளுக்குள் மாதிரி எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு பாசிட்டிவ் வந்தால், பிறந்த பின் தொற்றியதாகவும் இருக்கலாம். என் மகளிடம் சிறுநீர் கிடைத்தது 20ஆம் நாள்.

கேட்புச் சோதனையில் இடது காது இரண்டு முறையும் தேறவில்லை. இந்த வைரஸால் காது கேளாமை வருவதுண்டு, பார்த்துவிடலாம் என்று டாக்டர் எச்சில் பிசிஆர் (எச்சிலில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எழுதிக் கொடுத்தார். 13ஆம் நாள் போனோம். காத்திருந்தபோது குழந்தை அழுதாள், பால் கொடுத்தேன். தோளில் போட்டுத் தட்டும்போதே பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டுச் சுழற்றிய குச்சி வெளியே வந்தபோது நுனிப் பஞ்சில் பால் வெள்ளையாகத் தெரிந்தது. "இப்பதான் பால் குடிச்சா, பரவாயில்லையா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்று மாதிரி எடுத்த லேப் பெண் குழாயை மூடிவிட்டார்.

17ஆம் நாள் ரிப்போர்ட் வந்தது. பாசிட்டிவ். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "மாதிரி எடுக்கறதுக்கு எவ்வளவு நேரம் முன்னாடி பால் கொடுத்தீங்க?" பெரியவர்கள் பலருக்கும் தெரியாமலே வந்து உடம்பில் தங்கிவிடும் வைரஸ் இது, தாய்ப்பாலிலும் வெளிவரும். அதனால் பால் குடித்து ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் எச்சில் எடுக்க வேண்டுமாம். எப்படி எடுத்திருந்தாலும், எச்சிலில் பாசிட்டிவ் என்றால் சிறுநீரில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். பாலை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். அதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால் அன்றிரவு பச்சைப்பிள்ளையைப் பட்டினி போட்டிருப்பேன்.

18ஆம் நாள் லேப் கவுன்டரில் சண்டை. "வைரஸ் டெஸ்ட்டுன்னா ரத்தம்தான் மேடம்" என்று அங்கிருந்தவர் ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) டெஸ்ட்டுக்கு பில் போட்டுவிட்டார். கைக்குழந்தையின் ரத்தத்தில் அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடியும் இருக்கும், அதை வைத்து இவளுக்குத் தொற்று உண்டா என்று எப்படிச் சொல்வது? டாக்டர் சீட்டில் 'யூரின் பிசிஆர்' என்று எழுதியிருந்ததைக் காட்டிய பிறகும் மேலதிகாரியைக் கேட்கப் போனார். அவர் திரும்புவதற்குள் மாதிரி வாங்கும் நேரம் முடிந்துவிட்டது. பில்லில் சோதனையின் பெயரை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

மறுநாள் சிறுநீர்ப் பையை ஒட்டினார்கள். முந்தின நாள் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு போகாததால் ஓரம் பிரிந்து, எல்லாம் டயப்பருக்குப் போய்விட்டது. இரண்டாவது பையிலும் அதே கதை. பிய்த்தெடுத்த இடத்தில் தோல் சிவந்து, அவள் கத்திய கத்தலில் நானும் அழுதேன். ஒட்டுவதற்கு முன் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும்.

20ஆம் நாள் ஒரு வயதான நர்ஸம்மா பையைத் தூக்கி ஓரம் வைத்தார். பால் கொடுத்து முடித்ததும் என் கணவரைக் குழந்தையைப் பிடிக்கச் சொல்லி, குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றில் வட்டமாகத் தேய்த்தார். இரண்டு மூன்று நிமிடம்தான். நான் நீட்டிய பாட்டிலில் பாதியும் என் கணவர் சட்டையில் மீதியுமாகப் பெய்தாள். சில மில்லி இருந்தாலே போதுமாம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் எதையும் ஏந்திக்கொண்டு ஓடியதில்லை.

சிறுநீரில் நெகட்டிவ். அப்புறம் செய்த விரிவான கேட்புச் சோதனையிலும் இரண்டு காதும் சரியாகவே இருந்தன.

ஆனால் ஃபைலில் முதல் பக்கம் அந்த எச்சில் ரிப்போர்ட்தான். போன வாரம் தடுப்பூசிக்குப் போனபோது புது டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சி.எம்.வி.க்கு மருந்து ஆரம்பிச்சாச்சா?" என்றார். வீட்டுக்கு வந்ததும் சிறுநீர் ரிப்போர்ட்டை அதன் மேலேயே வைத்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டேன்.