வேடியப்பன் கல்

ஜூலை 3, 2024, புதன்
செங்கத்திலிருந்து திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஊரார் வேடியப்பன் என்று கும்பிடும் நடுகல், அதாவது மடிந்த வீரனுக்கு நட்ட கல், நனைந்து நின்றது. அதன் மேல்வரியில் ‘கோவிசைய’ என்ற சொல் பழைய வட்டெழுத்தில் துலங்கியது. பல்லவர் காலத்துக் கல்தான். அடுத்து வர வேண்டிய அரசன் பெயர் இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு அடைகட்டிக் கிடக்கிறது.

ஜூலை 5, வெள்ளி
ஆடி முதல் வெள்ளிக்குள் கல்லுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கப்போகிறார்களாம். தூக்கம் வரவில்லை.

ஜூலை 7, ஞாயிறு
பூசாரி ஐயா கற்பூரம் காட்டி முடித்த பிறகே கல்லைத் தொட்டோம். சோப்பு, அமிலம், கம்பிப் பிரஷ் எதுவும் ஆகாது. நல்ல தண்ணீர், மென்மையான தூரிகை, மூங்கில் சீவல், இவ்வளவே எங்கள் கருவிகள். சுண்ணாம்பை நனைத்து ஊறவிட்டு நகத்தளவு நகத்தளவாகப் பெயர்க்க வேண்டும். எழுத்தின் வெட்டு ஆழமற்றது என்பதால், அவசரப்பட்டுச் சுரண்டினால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாங்கிய கோடு ஒரு நொடியில் போய்விடும். மதியத்திற்குள் வீரனின் வில் பிடித்த கை முழுதாக வெளிப்பட்டது; கட்டைவிரல்கூடத் தெரிகிறது. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் படிகளில், கல்லை நடுவதற்கு முன் அதை நீராட்டும் நீர்ப்படை என்றொரு சடங்கு உண்டு. அந்த விரலின் மேல் தண்ணீர் வழிந்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஜூலை 8, திங்கள்
சுண்ணாம்புக்கு அடியில் இருக்கும் அரசன் பெயர் மயீந்திர பருமரா (மகேந்திரவர்மன்), நரசிங்க பருமரா (நரசிம்மவர்மன்)?

ஜூலை 11, வியாழன்
எடுத்தனூர் நடுகல்லையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில், எருமைகளுக்காகப் போரிட்டு மடிந்த சேவகனோடு, இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். எழுத்து பிழைத்ததால் ஒரு நாயின் பெயர் நமக்குக் கிடைத்தது. இங்கே எவர் பெயர் அடியில் கிடக்கிறதோ!

ஜூலை 13, சனி
பெயின்ட் செலவை ஏற்றவர் முகம் கொடுத்தே பேசவில்லை. பூசாரி ஐயாதான் பொறுமையாகச் சொன்னார்: “ஆடிக்கு சாமிக்கு ஏதாவது புதுசா செய்யணும் தம்பி, வெறுங்கல்லா விட முடியாது.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வழிபாடு இல்லாத நடுகற்கள் பல துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் போயின. இந்தக் கல் நிமிர்ந்து நிற்பதே இவர்கள் வேடியப்பன் என்று கும்பிட்டதால்தான். ஆனால் எனாமல் எழுத்தின் பள்ளங்களை நிரப்பி இறுகிவிடும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. பின்சுவருக்கு வண்ணம் அடிக்கட்டும். கல்லுக்குப் புது வேட்டியும் மாலையும் சாத்தட்டும். இதைக் கூட்டத்தில் சொல்வேன்.

ஜூலை 16, செவ்வாய்
அடையின் ஓரம் நெகிழ்ந்திருக்கிறது. ஒரு வளைவு தெரிகிறது, எந்த எழுத்தென்று பிடிபடவில்லை.

ஜூலை 17, புதன்
ஆடி பிறந்தது. ஊர்க்கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மாற்றியிருக்கிறார்கள். கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி மைப்படி எடுக்கத் தெரிந்த நண்பர் தாளும் மையும் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டார். கூட்டம் தொடங்குவதற்குள் மேல்வரியையாவது படியெடுத்துவிட வேண்டும்.