பிரேக் ஆயில் எங்கே போனது?

நானே சேஸி பற்றவைத்து, நானே பிரேக் பைப் வளைத்துக் கூட்டிய கார். அதனால் எது கோளாறானாலும் திட்டுவதற்கு வேறு ஆள் கிடையாது. ஓட்ட ஆரம்பித்து 200 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, பிரேக் ஆயில் நிற்கும் ரிசர்வாயரில் மட்டம் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

டிஸ்க்கைக் கவ்வும் பேடு தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், மட்டம் இறங்கும். அது இயல்பு. ஆனால் புது பேடுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பெடலும் காலையில் முதல் மிதிக்குக் கொஞ்சம் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில்தான் கெட்டிப்பட்டது. பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் ஒழுங்காக அடைக்கவில்லை என்றால் மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல அடியிறங்கும், ஆனால் ஆயில் உள்ளுக்குள்ளேயே சுற்றுவதால் மட்டம் குறையாது. எனக்கு நேர்மாறு. பிடித்த பெடல் நின்றது, மட்டம் குறைந்தது. அப்படியானால் எங்கோ வெளியேதான் போகிறது. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே காய்ந்திருந்தது. காரை ஓட்டுவதை அன்றோடு நிறுத்தினேன்.

ஸ்டாண்டில் ஏற்றி அடியில் படுத்தால், இடது பின் சக்கரத்து ஹோஸ் ஜாயின்ட்டுக்கு முன்னால் உள்ள கிளிப்பில் ஈரம். விரலில் தொட்டு ஒரு கப் தண்ணீரில் விட்டேன். இன்ஜின் ஆயில் என்றால் மிதக்கும், இது கரைந்து போய்விட்டது. பிரேக் ஆயில்தான். பக்கத்தில் சேஸியின் பெயின்ட் வேறு கொப்பளித்து உரிந்திருந்தது, அதற்கு மேல் சாட்சி எதற்கு?

ஹோஸைக் கழற்றிப் புதிதாக மாட்டினேன். காலிப்பர் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர்கள் போட்டேன். பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றினேன், அதாவது ஏர் எடுத்தேன். ஒரு சனிக்கிழமை முழுதும் போனது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே கிளிப்பில் அதே ஈரம்.

அங்கேதான் புத்தி வந்தது. ஈரம் தெரியும் இடத்தில்தான் ஒழுகுகிறது என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். பைப் நடுவிலிருந்து பின்னோக்கிச் சரிந்து வருகிறது. மேலே எங்கே கசிந்தாலும் பைப்பை ஒட்டியே வழிந்து வந்து கிளிப்பில் தேங்கும்.

எல்லா ஜாயின்ட்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு நட்டையும் சுற்றி வெள்ளை டிஷ்யூ காகிதத்தைத் திரித்து நூலால் கட்டினேன். காரின் அடிப்பக்கம் கட்டுப்போட்ட நோயாளி மாதிரி ஆகிவிட்டது. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து ஒரு மணி நேரம் விட்டேன். பின்பக்க ஜாயின்ட் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. பைப் இரண்டாகப் பிரியும் டீ ஜாயின்ட்டில் இடப்பக்க நட்டின் மேல்விளிம்பில் மட்டும் ஒரு மிளகு அளவுக்கு மஞ்சள் கறை.

முதலில் செய்தது முட்டாள்தனம். ஸ்பேனரைப் போட்டு இன்னும் இறுக்கினேன். கறை பெரிதானதுதான் மிச்சம். நண்பர் ஒருவர் மரையில் டெஃப்லான் டேப் சுற்றச் சொன்னார். நல்லவேளை, அதைச் செய்யவில்லை. இந்த ஜாயின்ட்டில் மரை எதையும் அடைப்பதில்லை. நட்டு ஃப்ளேரை, அதாவது பைப் முனையில் விரித்த விளிம்பை, எதிரே உள்ள கூம்பின்மேல் அழுத்துகிறது, உலோகம் உலோகத்தோடு உட்கார்ந்துதான் ஆயில் நிற்கிறது. டேப் துணுக்கு உள்ளே போனால் அது தனிக் கதை.

கழற்றி, பைப் முனையை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஃப்ளேரைச் சுற்றி முழு வளையமாக இருக்க வேண்டிய பளபளப்பு, மூன்றாம் பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் இருந்தது. எதிர்ப்பக்கம் கூம்பைத் தொடவே இல்லை. எப்போது நடந்தது என்று உடனே ஞாபகம் வந்தது. அந்த ஒரு பைப்பை மட்டும் நீளம் கூடிவிட்டது என்று, காரின் அடியில் படுத்தபடியே ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். வெட்டு சாய்ந்திருந்தால், விளிம்பை உள்ளே மடித்து இரட்டையாக்கும் டபுள் ஃப்ளேரில் மடியும் உதடும் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்துதான் வரும். இறுக்க இறுக்கத் தடித்த பக்கம்தான் நசுங்கியது.

பழுதான முனையை வெட்டி எறிந்தால் நீளம் பற்றாது. ஆகவே முழுப் பைப்பையும் புதிதாக, 3/16 அங்குலச் செம்பு-நிக்கலில் செய்தேன். இந்த முறை மேஜையில் வைத்து பைப் கட்டரால் வெட்டி, உள்விளிம்புப் பிசிறை எடுத்து, ஃப்ளேர் அடிக்கும் முன்பே நட்டைக் கோத்தேன். (இதை மறந்து எத்தனை ஃப்ளேர் வீணாக்கியிருக்கிறேன் என்று சொன்னால் மானம் போகும்.) கூம்பில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தேன். இல்லை.

ஆயிலுக்கு டாட் 4 என்ற தரத்தில் புது பாட்டில் உடைத்தேன். திறந்து வைத்திருந்த பழையது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருக்கும். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டிய ஆயிலுக்கு, ஈரம் ஏறிய நிலையில் தர விதியே 155 வரை இறங்க அனுமதிக்கிறது. பிரேக் சூடேறும் மலை இறக்கத்தில் அது நினைவுக்கு வந்தால் நன்றாக இருக்காது.

மறுபடி காகிதம், மறுபடி கட்டை, இந்த முறை இரவு முழுதும். காலையில் டீ ஜாயின்ட் காகிதம் உலர்ந்திருந்தது. வலது முன் காலிப்பரில் ஒரு சிறு கறையைப் பார்த்து வயிறு கலங்கியது. காற்றை வெளியேவிடும் பிளீடர் நிப்பிளின் ஓட்டையில் ஏர் எடுக்கும்போது தங்கிய சொட்டுதான் அது. துடைத்து மூடியைப் போட்டேன், மறுநாளும் ஈரமில்லை. இனி உரிந்த சேஸியைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும்.