மஞ்சள் விளக்கும் மாடிக்கொரு மெக்கானிக்கும்

சடாரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சிக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸின் விளக்கு கார் டேஷ்போர்டில் எரிந்து அணையாமல் நின்றால் முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பக்கத்து சீட்டில் மாமனார் இருந்தார், கண் ஆபரேஷன் முடிந்த புதிது வேறு, கிண்டியிலிருந்து வழிநெடுக எல்லா போர்டையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசியில் என் டேஷ்போர்டையும் படித்துவிட்டார். "அம்மாடி, மஞ்சளா என்னமோ எரியுதே, ஏ, பி, எஸ்னு. ஆயில் தீந்துபோச்சா?"

மடிப்பாக்கம் வந்து சேர்வதற்குள் அவர் போனில் அத்தைக்குச் சொல்லி, அத்தை மாடிக்கு மாடி சொல்லி, நான் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி இறங்கினால் வாட்ச்மேன் ஓடி வந்து "பிரேக் போயிடுச்சாமே மேடம்" என்கிறார். பிரேக் போன வண்டி அவர் கண் முன்னால்தான் கோட்டுக்குள் ஒழுங்காக வந்து நின்றிருந்தது.

பிரேக் போகவில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்தது. கிளவ் பாக்ஸில் பழைய புகைச் சான்றிதழ்கள், டோல் ரசீதுகள், எந்த ஓட்டலிலோ எடுத்து வந்த சோம்புப் பொட்டலங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கார் கையேடு கிடந்தது, அதை எடுத்துத் தூசி தட்டிப் படித்தேன். சாவியைத் திருப்பினதும் அந்த விளக்கு தானாக எரியும், சில நொடி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு அணையும். அணையாவிட்டால் ஏபிஎஸ் தன் வேலையை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். சாதாரண பிரேக் எப்போதும்போல் பிடிக்கும், ஆனால் ஈர ரோட்டிலோ மணலிலோ சடாரென்று மிதித்தால் சக்கரம் சிக்கிக்கொண்டு வண்டி வழுக்கலாம். மஞ்சளோடு சேர்ந்து சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால்தான் ஓரங்கட்டி ஆளைக் கூப்பிட வேண்டும். எனக்கு மஞ்சள் மட்டும். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவையும் பார்த்தேன், மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் சாதுவாக இருந்தது. மாமா அதை எட்டிப் பார்த்துவிட்டு "ஆயில் இருக்கும்மா" என்று எனக்கே சொன்னார்.

அவர் அந்தக் காலத்து அம்பாசிடர் ஆள். "எங்க வண்டியில ஏபிஎஸ்ஸாவது கீபிஎஸ்ஸாவது. என் கால்தான்மா ஏபிஎஸ். மிதிச்சு விடணும், மிதிச்சு விடணும்" என்று நடு ஹாலில் நின்று காலால் செய்து காட்டினார். தத்துவம் சரிதான், ஏபிஎஸ் செய்வதும் அதையேதான், சக்கரம் சிக்கப் பார்க்கும்போது பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கிறது, ஆனால் ஒரு நொடிக்குப் பத்து தடவைக்கு மேல். மாமாவின் முட்டிக்கு அத்தை தினமும் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸும் கிடையாது. ஆனால் கார் விமர்சன வீடியோ ஒன்று விடமாட்டார், அதனால் வீட்டில் தொழில்நுட்பக் கருத்து எல்லாம் அவருடையது. "டாப் மாடலா வாங்கினதே இந்த ஏபிஎஸ்ஸுக்குத்தானே" என்பது அவருடைய வருத்தம். உண்மைதான், நாங்கள் வாங்கிய காலத்தில் கீழ் மாடலில் அது வராது, 2019 ஏப்ரலுக்கு அப்புறம்தான் புதுக் கார் எல்லாவற்றுக்கும் கட்டாயம் ஆனது. கூடுதலாகக் கொடுத்த காசு இப்போது விளக்காக எரிகிறது என்று அவர் சொன்னதை அத்தை மட்டும் ரசிக்கவில்லை, எழுந்துபோய் எலுமிச்சம்பழம் எடுத்து வந்து காரைச் சுற்றினார். பின் பக்க இடது டயருக்கு அடியில் வைத்து என்னை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். விளக்கு அசையவில்லை.

மறுநாள் காலையில் இரண்டாவது மாடிக்காரர் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி புளூடூத்தில் போனோடு இணைத்தால் கார் தன் வியாதியை எல்லாம் தானே சொல்லிவிடுமாம். செருகினார். போனில் முள் எல்லாம் ஆடியது, பச்சை டிக் விழுந்தது. "பழுது எதுவும் இல்லை மேடம். வண்டி பர்ஃபெக்ட்." அவர் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அதைக் காட்டினேன். போனையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப பல்புல பிரச்சனையா இருக்கும்" என்றார்.

விஷயம் இதுதான்: இந்த மலிவான டப்பாக்களில் பெரும்பாலானவை எஞ்சின் கணினியோடு மட்டும்தான் பேசும், ஆங்கில P எழுத்தில் தொடங்கும் கோடுகளை, அதாவது பழுதுக் குறியீடுகளைத்தான் படிக்கும். ஏபிஎஸ்ஸுக்குத் தனிக் கணினி, அதன் கோடுகள் C எழுத்தில் தொடங்கும். அதைப் படிக்கிற ஸ்கேனரே வேறு. எஞ்சினிடம் போய் பிரேக்கைப் பற்றி விசாரித்தால் அது என்ன சொல்லும், நான் நல்லாத்தான் இருக்கேன் என்றுதான் சொல்லும்.

அதற்குள் செக்ரட்டரி வந்து பேட்டரி ஒயரைக் கழற்றிப் பத்து நிமிஷம் கழித்து மாட்டச் சொன்னார். வோல்டேஜ் இறங்கினாலும் அந்த விளக்கு எரியலாம் என்பது நிஜம், அதனால் சரி என்றேன். கழற்றி மாட்டியதில் கடிகாரம் பன்னிரண்டு மணிக்குப் போனது, எஃப்எம் நிலையங்கள் எல்லாம் அழிந்தன, சீட்டைத் தவிர எல்லாமே தொடக்கத்துக்குப் போய்விட்டது, மஞ்சள் விளக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஃபியூஸையும் பார்த்தாயிற்று, நன்றாக இருந்தது. வாட்ச்மேன் டயரில் காற்று குறைவு என்றார். அவர் எதற்குமே அதைத்தான் சொல்வார்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஏசி அறை, காபி, "சார் வரலையா மேடம்?" சாருக்கு லைசென்ஸே இல்லைப்பா என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து டை கட்டிய பையன் வந்து ஏபிஎஸ் மாட்யூலே போய்விட்டது, முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும், 45 ஆயிரம் ஆகும், ஸ்டாக் வர நாளாகும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். என்ன கோடு வந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் சிஸ்டம் காட்டும் மேடம்." எங்கே, காட்டச் சொல்லுங்கள். போனான், வந்தான், சிஸ்டம் ஹேங் ஆகியிருக்கிறது என்றான். காபி நன்றாக இருந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கடைசியாகக் கீழ்க்கட்டளைப் பக்கம் ஒரு மெக்கானிக். ஷெட் சின்னது, சுவரில் முருகன் காலண்டர், ஆனால் கையில் இருந்தது டேப்லட் மாதிரி நிஜமான ஸ்கேனர். என்ன ஆச்சு, யார் என்ன சொன்னார்கள் என்று எதுவும் கேட்காமல் செருகி இரண்டு நிமிஷத்தில் சொன்னார்: "பின்னாடி லெஃப்ட் வீல் ஸ்பீட் சென்சார் சிக்னல் வரலக்கா." அப்புறம் என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஸ்கேனரோடு உட்கார்ந்தார். தெருவில் இருபதில் போகிறேன், திரையில் மூன்று சக்கரம் இருபது என்கிறது, இடது பின் சக்கரம் பூஜ்யம். அதாவது அந்தச் சக்கரம் வரவே இல்லையாம், நாங்கள் மூன்று சக்கரத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறோமாம்.

ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் இருக்கிறது, சக்கரத்தோடு சுற்றுகிற வளையத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து வேகத்தைக் கணினிக்கு அனுப்புகிறது. நாலு பேரும் "உள்ளேன் ஐயா" சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருத்தன் வாயை மூடினால், சக்கரம் நிஜமாகவே சிக்கியதா, இவன்தான் தூங்குகிறானா என்று கணினிக்குத் தெரியாது. தெரியாமல் குறுக்கே புகுந்து குழப்புவதைவிட ஒதுங்குவது மேல் என்று விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடும். எங்கள் அப்பார்ட்மென்டில் அந்தக் குணம் கணினிக்கு மட்டும்தான் இருக்கிறது.

சென்சாரை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க முடியாதா என்று என் ஞானத்தைக் காட்டினேன் (கணவரின் வீடியோக்கள் சமையலறை வரைக்கும் கேட்கும்). "பழைய டைப்புக்கு ஓம்ஸ் காட்டும்கா. இது ஆக்டிவ் டைப், கரண்ட் குடுத்தாத்தான் பேசும்" என்று ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். சென்சார் ஒயரைத் தடவிக்கொண்டே போய் ஒரு கனெக்டரைப் பிரித்தார். உள்ளே பச்சைக் களிம்பு, பூஜையறைப் பித்தளையில் ஏறுமே, அதே களிம்பு.

"புயல்ல வண்டி எங்கக்கா நின்னுச்சு?"

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் ஊரே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி வரிசையாக நிறுத்தியதே, அதற்குப் பின்னால் இருந்த பயம் முந்தின வருஷ டிசம்பர் மிக்ஜாம் புயல் கொடுத்தது. மிக்ஜாமின்போது எங்கள் வண்டி பார்க்கிங்கில்தான் முழங்கால் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்தது, சீட்டைக் காயவைத்தோம், ஆயில் மாற்றினோம், எல்லாம் சரி என்று நினைத்தோம். கனெக்டருக்குள் போன தண்ணீர் அவசரமே இல்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

ஸ்பிரே அடித்துத் துடைத்து மாட்டினார். விளக்கு அணைந்தது, வீட்டுக்குப் பாதி வழியில் திரும்ப எரிந்தது. திரும்பிப் போனேன், "களிம்பு சென்சார் உள்ளயே போயிருச்சுக்கா, புதுசு போட்டுருவோம். ஜி.பி. ரோட்டுல கிடைக்கும், லெஃப்ட்டு ரைட்டு வேற வேற, பாத்து வாங்குங்க" என்று பழையதைக் கழற்றிப் பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார். ஜி.பி. ரோட்டில் அந்தப் பையை நீட்டினால் கடைக்காரர் சென்சாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து "மெக்கானிக் வரலியாம்மா?" என்றார். இங்கே சார் இல்லை, மெக்கானிக். முன்னேற்றம்தான். சென்சார் மாட்டுக்கூலியோடு சேர்ந்து நாலாயிரத்துக்குள் முடிந்தது.

மாட்டி, ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்த பிறகும் விளக்கு எரிந்ததைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. "ஓடினாத்தான்கா நம்பும்" என்றார் மெக்கானிக். இருநூறு அடி ரோட்டில் ஏறி வேகம் இருபதைத் தாண்டி நாலு சக்கரமும் கணக்குக் கொடுத்ததும் பொட்டென்று அணைந்தது. மாமா அன்றைக்கும் பக்கத்து சீட்டில்தான் இருந்தார், தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

விளக்கு அணைந்தது தன் எலுமிச்சம்பழத்தால்தான் என்று அத்தை சொல்கிறார். எந்த டயருக்கு அடியில் வைத்தேன் யோசித்துப் பார் என்கிறார். இடது பின் டயர். இதற்கு என்னிடம் பதில் இல்லை. கணவர் ஒரு படி மேலே போய் எலுமிச்சைச் சாறுதான் கனெக்டரை அரித்திருக்கும் என்று ஆரம்பித்தார், அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தோசைக்குச் சட்னி கிடைக்கவில்லை.

சாயங்காலம் இரண்டாவது மாடிக்காரர் கேள்விப்பட்டுத் தன் டப்பாவோடு இறங்கி வந்தார். செருகினார். முள் ஆடியது, பச்சை டிக் விழுந்தது. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாத்தீங்களா மேடம், நான் அன்னைக்கே சொன்னேன். வண்டி பர்ஃபெக்ட்."