உளவியலில் பிஎச்.டி: கைடைத் தேடிய அனுபவம்

பிஎச்.டி சேரப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது, எந்தப் பல்கலைக்கழகம் என்றுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, யாரிடம் என்பது. முதுகலை வரை ஒரு துறை முழுவதும் நமக்குப் பாடம் நடத்துகிறது. ஆராய்ச்சிக்கு வந்துவிட்டால் ஒருவரோடு உட்கார்ந்து பல வருடம் வேலை செய்ய வேண்டும். எதை நல்ல கேள்வி என்று அவர் நினைக்கிறார், எதைச் சான்று என்று ஒப்புக்கொள்கிறார் என்பதெல்லாம் மெல்ல நம்முடைய பழக்கமாகவும் ஆகிவிடும். அதனால் பேராசிரியர்களின் அறிமுகக் குறிப்புகளில் வரும் ஆய்வு ஆர்வங்கள், கற்பித்தல் ஆர்வங்கள் என்ற இரண்டு பகுதிகளைப் படிப்பதில் நிறைய நேரம் செலவிட்டேன். இதே தேடலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பிறகு செய்ய வேண்டும் என்று நினைத்த ஒன்றை, உரிய நேரத்தில் ஞாபகம் வைத்துச் செய்வது எப்படி நடக்கிறது? இரவு மாத்திரை போடுவது, வழியில் பார்க்கிறவரிடம் ஒரு செய்தியைச் சொல்வது, இப்படி. உளவியலில் இதை ப்ராஸ்பெக்டிவ் மெமரி என்கிறார்கள். 1990இல் ஐன்ஸ்டைன், மெக்டேனியல் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஆய்வகத்தில் அளக்க ஒரு எளிய வழியைக் காட்டினார்கள். ஆளை வேறொரு வேலையில் மூழ்கவிட்டு, நடுவில் ஒரு குறிப்பிட்ட சொல் வந்தால் மட்டும் ஒரு பட்டனை அழுத்தச் சொல்வது. அதற்கப்புறம் நடந்த ஆய்வுகளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. ஆய்வகத்தில் வயதானவர்கள் பொதுவாக இளைஞர்களைவிடப் பின்தங்குகிறார்கள். ஆனால் இன்ன நேரத்துக்குப் போன் செய்யுங்கள் என்பது போன்ற வேலையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், அவர்கள் இளைஞர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ செய்கிறார்கள். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2004இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் இதையே உறுதிசெய்தது. இந்த முரண்பாட்டில்தான் நான் வேலை செய்ய விரும்பினேன்.

கேள்வி இவ்வளவு தெளிவாக இருந்தும், அதை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது லேசாக இல்லை. நினைவாற்றல் என்று போட்டுக்கொள்ளாத உளவியல் துறையே இல்லை எனலாம். ஆனால் அந்த ஒரு சொல்லின் கீழே இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே சிரமப்படும் அளவுக்கு வேறு வேறு வேலை செய்கிறார்கள். ஒருவர் எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற, நினைவோடு தொடர்புடைய பகுதியைப் பார்க்கிறார். இன்னொருவர் மூளைக் காயம் பட்ட நோயாளிகளைச் சோதிக்கிறார். 1953இல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிய நினைவுகளைச் சேர்க்கும் திறனை இழந்த ஹென்றி மொலேசனைப் பற்றிய ஆய்வுகளின் வழியில் வருபவர். மூன்றாமவருக்கு வேலை கண்ணால் கண்ட சாட்சிகளோடு. 1974இல் லோஃப்டஸ், பாமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கார் விபத்துப் படத்தைக் காட்டி, கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மாற்றினாலே பார்த்தவர்கள் சொல்லும் வேகம் மாறுவதைக் காட்டினார்களே, அந்த மரபு. நான்காமவர் மாணவர்கள் பாடத்தை எப்படி மனதில் நிறுத்துகிறார்கள் என்று வகுப்பறையில் ஆராய்கிறார்.

இந்தப் பிரிவு புதிதும் இல்லை. 1885இல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறந்தோம் என்று அளந்தார். 1932இல் பார்ட்லெட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து அது எப்படி உருமாறுகிறது என்று கவனித்தார். இருவரும் படித்தது நினைவாற்றலைத்தான். ஆனால் எபிங்ஹாஸிடம் பயின்றவர் பொருளை எப்படி விலக்குவது என்று கற்றிருப்பார், பார்ட்லெட்டிடம் பயின்றவர் அதை எப்படிப் பின்தொடர்வது என்று. இதை யோசித்த பிறகு தலைப்பைப் பார்த்துத் தேடுவதை விட்டுவிட்டேன். அவர் எப்படி வேலை செய்கிறார் என்பதைத்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆர்வப் பட்டியல் ஒருவர் பத்து வருடங்களில் தொட்டதையெல்லாம் சொல்லும். இப்போது என்ன நடக்கிறது என்பதைக் கடைசி இரண்டு மூன்று வருடக் கட்டுரைகள்தான் சொல்லும். அந்தக் கட்டுரைகளில் நேராக ஆய்வு முறைப் பகுதிக்குப் போய்விடுவேன். யார் பங்கேற்றார்கள்? என்ன செய்யச் சொன்னார்கள்? எதை எண்ணினார்கள்? இந்த மூன்றும் தெரிந்தால் அந்த ஆய்வகத்தில் ஒரு மாணவரின் நாள் எப்படிப் போகும் என்றே ஊகித்துவிடலாம்.

எனக்குக் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இருவர் குறிப்பிலும் ஆர்வங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான்: நினைவாற்றல், கவனம், முதுமை. முதலாமவரின் கட்டுரைகளில் பங்கேற்பாளர்கள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சொற்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன, பட்டனை அழுத்த எடுத்த நேரம் மில்லிசெகண்டில் பதிவாகிறது. சுத்தமான வேலை. எந்தக் காரணத்தால் எது மாறியது என்று உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டாமவரின் ஆட்கள் தங்கள் வீட்டில், தங்கள் வேலையில் இருக்கிறார்கள். ஒரு நாளில் பல முறை போனில் சிறு கேள்விகள் வருகின்றன: இன்று செய்ய நினைத்தது என்ன, எது நடந்தது, எது விட்டுப்போனது, அப்போது யாரோடு இருந்தீர்கள். அனுபவ மாதிரி முறை என்று இதற்குப் பெயர். செல்போன் வராத காலத்தில், 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும், லார்சன், சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர்கள் பேஜரை வைத்துச் செய்ததன் தொடர்ச்சி. இங்கே காரணத்தை அவ்வளவு உறுதியாகப் பிரித்தெடுக்க முடியாது, ஆனால் மனிதர்கள் வாழ்கிற இடத்திலேயே விஷயம் பிடிபடுகிறது. என் முரண்பாடு ஆய்வகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது. வீட்டுப் பக்கம் வேலை தெரிந்தவரிடம்தான் நான் போக வேண்டும் என்று அங்கே முடிவாயிற்று.

கட்டுரையாளர் வரிசையையும் பாருங்கள். உளவியலில் பல ஆய்வகங்களில் ஆய்வை முன்நின்று செய்தவர் பெயர் முதலிலும், ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியிலும் வருவது வழக்கம். முதல் இடத்தில் மாணவர்களின் பெயர் அடிக்கடி வந்தால் அங்கே மாணவர்களை வளர்க்கிறார்கள் என்று கொள்ளலாம். எப்போதும் பேராசிரியர் பெயரே முதலில் நின்றால், ஏன் என்று நேர்காணலில் கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்றை நான் விடாமல் பார்த்தேன். 2015இல் உளவியலின் 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மறுபடி செய்து பார்த்தார்கள். மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் புள்ளியியல் முறைப்படி பொருட்படுத்தத்தக்க, அதாவது தற்செயல் என்று லேசில் ஒதுக்க முடியாத, முடிவைக் காட்டியிருந்தன. மறு ஆய்வில் அது 36 சதவீதமாக இறங்கியது. அதற்கப்புறம் நிறைய ஆய்வகங்கள் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்வதற்கும், தரவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவதற்கும் மாறின. நான் போய்ச் சேரும் ஆய்வகம் இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்று தெரியாமல் விண்ணப்பிக்க எனக்கு மனமில்லை. ஆய்வைத் தொடங்குமுன் எதை எதிர்பார்க்கிறோம் என்று எழுதிவைக்கும் பழக்கம் முதல் வருடத்திலேயே வர வேண்டும். பிறகு கற்றுக்கொள்வது ரொம்பக் கடினம்.

கற்பித்தல் ஆர்வங்கள் பகுதியைப் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு முடிவெடுக்க உதவியதே அதுதான். அந்த இரண்டாமவர் நடத்தும் பாடங்களில் பலநிலைப் புள்ளியியல் மாதிரிகள் என்று ஒன்று இருந்தது. ஒரே ஆளிடம் ஒரு வாரம் முழுக்கப் பல முறை பதில் வாங்கினால், அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. தனித்தனி ஆட்கள் சொன்னதுபோல் அவற்றைக் கணக்கில் எடுத்தால், இல்லாத உறுதி இருப்பதாகத் தோன்றும். ஆள் ஒரு நிலை, அவரின் நாட்கள் அதற்குள் ஒரு நிலை என்று பிரித்துக் கணக்கிட வேண்டும். அந்த வகையான தரவைத் தன் கட்டுரைகளில் வெளியிடுகிறவரே அதற்குரிய கணக்கை வகுப்பிலும் நடத்துகிறார் என்றால், அவர் தன் கருவியை அறிந்தவர் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. பாடத்திட்டத்தை மெயிலில் கேட்டேன். வாரவாரம் என்ன தரவை வைத்துப் பயிற்சி, எந்த மென்பொருள், தேர்வா திட்டப்பணியா என்று எல்லாம் அதில் இருந்தது. ஒருவரின் கட்டுரையைவிட அவர் எழுதிய பாடத்திட்டத்தில் அவர் யோசிக்கும் விதம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

பதவிப் பெயரையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற மதிப்புறு பேராசிரியர்கள், வருகைதரு பேராசிரியர்கள், கற்பித்தலுக்கு மட்டும் நியமிக்கப்பட்டவர்கள் ஆகியோர் புது ஆய்வு மாணவர்களை எடுக்க முடியாமல் இருக்கலாம். மருத்துவ உளவியல் என்றால், அவரின் நேரத்தில் எவ்வளவு சிகிச்சைப் பயிற்சிக்குப் போகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

அப்புறம் மெயில். சுருக்கமாகத்தான் எழுதினேன். முதல் பத்தியில் அவருடைய ஒரு கட்டுரையில் எனக்குத் தெளிவாகாத ஒரு இடம். இரண்டாவதில் என் கேள்வி. மூன்றாவதில் எனக்கு என்ன தெரியும், இன்னும் என்ன கற்க வேண்டும் என்பது. கடைசி வரியில், வரும் ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா என்ற நேரான கேள்வி. தங்கள் ஆய்வுகளைப் பெரிதும் மதிக்கிறேன் என்ற வகை வரிகளை எழுதவில்லை. கட்டுரையைப் படித்தவர் கேட்கும் கேள்வியிலேயே அந்த மதிப்பு இருக்கிறது. சிலரிடமிருந்து பதில் வரவில்லை. ஒருவர், அந்த வேலையை நிறுத்திவிட்டேன், குறிப்பில் மட்டும் பழையது இருக்கிறது என்று அன்பாகவே எழுதினார். நான் தேடிய அந்த இரண்டாமவர் ஒரு கட்டுரையை இணைத்து அனுப்பி, இதற்கு அடுத்து நீங்கள் என்ன ஆய்வு செய்வீர்கள், ஒரு பக்கத்தில் எழுதுங்கள் என்றார்.

அந்த ஒரு பக்கத்துக்காக அந்தத் தேடலிலேயே அதிகமாக உழைத்தேன். வீட்டில் வயதானவர்கள் நன்றாகச் செய்வதற்குக் காரணம் அவர்கள் நினைவாற்றலா, அல்லது நாட்குறிப்பு, அலாரம், ஒழுங்கான தினசரி வழக்கம் ஆகியவையா? இரண்டையும் பிரிக்க, ஒரே ஆட்களை ஆய்வகத்திலும் வீட்டிலும் அளந்து, எந்த உதவியைப் பயன்படுத்தினார்கள் என்று அன்றன்றே கேட்கலாம் என்று எழுதினேன். நேர்காணலில் அவர் வேறு எதற்கும் போகவில்லை, அதையே பிடித்துக்கொண்டார்.

“அலாரம் வைத்தவர் மறக்கவில்லை என்றால், அது நினைவாற்றல் இல்லை என்று சொல்வீர்களா?”

“அலாரம் வைக்க வேண்டும் என்று தோன்றியதே நினைவாற்றலின் ஒரு பகுதி என்றுதான் நினைக்கிறேன்.”

“சரி, அதை எப்படி அளப்பீர்கள்?”

உடனே பதில் சொல்ல முடியவில்லை. இருவரும் சேர்ந்து யோசித்தோம். அவர் ஒரு வழியைச் சொல்லி, அதில் இருக்கும் ஓட்டையையும் அவரே காட்டினார். பேச்சு முடிந்தபோது எனக்கு அவரிடம்தான் படிக்க வேண்டும் என்று உறுதியாகியிருந்தது.

ஒப்புக்கொள்ளுமுன் அவருடைய மாணவர்களிடம் தனியாகப் பேச அனுமதி கேட்டேன். அவரே பேசச் சொன்னார். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார், எழுதிக் கொடுத்ததை எப்போது திருத்தித் தருகிறார், கட்டுரையில் பெயர் வரிசையை எப்போது முடிவு செய்கிறார்கள், படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், யாராவது நடுவில் விலகினார்களா. கடைசிக் கேள்விக்கு ஒரு மாணவி நேர்மையாக, ஒருவர் விலகினார், அவருக்குக் களப்பணி ஒத்துவரவில்லை, கைடே அவருக்கு வேறு ஆய்வகம் பார்த்துக் கொடுத்தார் என்றார். அந்தப் பதில் எனக்குப் பெரிய நிம்மதியைக் கொடுத்தது.

முதல் ஆண்டுக்கு நாங்கள் ஒப்புக்கொண்டது இது: அவருடைய பலநிலை மாதிரிகள் வகுப்பில் நான் உட்கார வேண்டும், இளங்கலை மாணவர்களின் ஆய்வு முறைகள் வகுப்பில் உதவியாளராக இருக்க வேண்டும், கூடவே ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வையும் தொடங்க வேண்டும். இப்போது அதற்காக, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். போனில் கேள்வி வரும் நேரத்தில் பங்கேற்பவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி இன்னும் பாக்கி.